டெஸ்ட் பட்டன் தட்டினா விழுது, பிறகென்ன?

"அண்ணே, மைக்கு அடிக்கு" (மைக்கில் ஷாக் அடிக்கிறது) என்று மேடையிலிருந்து ஒரு குரல் வந்தால், கீழே மிக்சர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். செருப்புப் போட்டுக்கொண்டு பாடுங்கள். மைக்கில் கைக்குட்டையைச் சுற்றிக்கொள்ளுங்கள். உதட்டை வலையில் முட்டாமல் பாடுங்கள். அம்மன் கொடை விழா மேடையில் முதல் பதில் செல்லாது, அங்கே யாரும் செருப்போடு ஏறுவதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துக் கோட்டாறு சவேரியார் திருநாள் நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3 வரை போகும், வடகிழக்குப் பருவமழை பெய்கிற நாட்கள். அப்போது கைக்குட்டையும் நனைந்துதான் இருக்கும். மூன்று பதில்களிலும் ஒரு ஒற்றுமை உண்டு. அடிவாங்குபவரைத்தான் மூன்றும் திருத்தப் பார்க்கின்றன. கரண்ட் ஏன் மைக் வலை வரைக்கும் வந்தது என்ற கேள்வியை ஒன்றும் தொடுவதில்லை.

இதைவிட என்னை உறுத்துவது நான்காவது பதில்தான். கொஞ்சம் விவரமான லைட் செட்காரர்கள் சொல்வது: "போர்டுல ஆர்சிசிபி போட்டிருக்கு. டெஸ்ட் பட்டன் தட்டினா விழுது. பிறகென்ன?" ஆர்சிசிபி என்பது ஃபேசில் போன கரண்ட் நியூட்ரலில் முழுசாகத் திரும்பாவிட்டால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். துண்டிப்பதைத்தான் 'விழுது' என்பார்கள். சொல்பவர் பொய் சொல்லவில்லை. முப்பது மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உண்மையிலேயே போர்டில் இருக்கிறது, பட்டனைத் தட்டினால் உண்மையிலேயே விழுகிறது. ஆனால் ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் அதே ஆர்சிசிபி, ஒரு மனிதன் கம்பியைப் பிடித்துத் துடிக்கும்போது அசையாமல் நிற்கலாம். சாதனத்தில் பழுது இருக்காது. அதற்கு விழுவதற்குக் காரணமே கிடைத்திருக்காது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு ஓட்டையைப் பற்றித்தான்.

மைக் வலையில் வரும் கூச்சத்தை முதலில் முடித்துவிடலாம். மிக்சர், எல்இடி பார் லைட், லேப்டாப் சார்ஜர் எல்லாவற்றுக்குள்ளும் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை இருக்கிறது. அதன் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்ட ஃபேசிலிருந்து பாடிக்கு (வெளி உலோகக் கூட்டுக்கு) ஒரு சின்னக் கப்பாசிட்டர், நியூட்ரலிலிருந்து பாடிக்கு இன்னொன்று. எர்த் பின் ஒழுங்காகத் தரையோடு சேர்ந்திருந்தால் அந்த வழியாகக் கசியும் துளி கரண்ட் யாருக்கும் தெரியாமல் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் பாடி 230 வோல்ட்டின் பாதியில், சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். ஒற்றை மிக்சர் என்றால் அதிலிருந்து வரும் கரண்ட் ஒரு மில்லி ஆம்பியர்கூடத் தேறாது. உதட்டில் எறும்பு கடித்த மாதிரி இருக்கும். ஆனால் 24 பார் லைட்டை ஒரே இரும்புச் சட்டத்தில் தொங்கவிட்டு, எல்லா எர்த் பின்னையும் ஒன்றாகச் சேர்த்து, அந்த ஒன்றை மட்டும் தரையில் சேர்க்காமல் விட்டால், எல்லா எறும்பும் ஒரே இடத்தில் கூடிவிடும். ஈபி லைனில் ஓடும் மேடையில், ஒரு லைட்டுக்கு அரையிலிருந்து ஒரு மில்லி வரை என்று வைத்தாலே 12 முதல் 24 மில்லி. பத்து மில்லியைத் தாண்டினால் பிடித்த கையை விடுவிக்க முடியாமல் போகலாம். 'எர்த் பின்னை எல்லாம் மாட்டியாச்சு' என்பதற்கும் 'எர்த் இருக்கிறது' என்பதற்கும் உள்ள தூரம் இதுதான்.

ஸ்பீக்கரில் வரும் 'ங்ங்' என்ற இரைச்சலைப் போக்க பிளக்கின் எர்த் பின்னை மடக்குவது, வெட்டுவது, இன்சுலேஷன் டேப் சுற்றுவது ஆகியவற்றை மேடையில் செய்யவே கூடாது. இரைச்சல் இரண்டு வெவ்வேறு எர்த் பாதைகளால் வருகிறது. மிக்சரையும் மேடை ஆம்ப்பையும் ஒரே போர்டிலிருந்து எடுங்கள். அப்படியும் போகாவிட்டால் சிக்னல் ஒயரின் நடுவே டிஐ பாக்ஸ் என்ற சின்ன இணைப்புப் பெட்டியை வைத்து அதிலிருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனைப் போடுங்கள். வெட்ட வேண்டியது சிக்னல் ஒயரின் ஷீல்டை. மின் ஒயரின் எர்த்தைத் தொடக்கூடாது.

வண்டியில் வரும் கரண்ட்

ஈபி லைனில் ஒரு வசதி நாம் கேட்காமலே கிடைக்கிறது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரலை மண்ணில் புதைத்து வைத்திருக்கிறார்கள். இங்கே ஒரு விளக்கின் பாடியில் ஃபேஸ் முட்டி, அது மண்ணில் இறங்கினால், அந்தக் கரண்ட் மண் வழியாகவே டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரலுக்குத் திரும்பிப் போகும். ஃபேசில் போனது நியூட்ரல் ஒயரில் திரும்பவில்லை என்பதை ஆர்சிசிபி பார்க்கும், விழும். கரண்ட் எப்போதும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பப் பார்க்கும். மண் என்பது அது போய் மறையும் குழி இல்லை, திரும்பும் வழி மட்டுமே.

ஜெனரேட்டர் வண்டி வேறு. அது ரப்பர் டயரில் நிற்கிறது. அதில் கரண்ட் உண்டாக்கும் பகுதியான ஆல்டர்னேட்டரின் நியூட்ரல் முனை பல வண்டிகளில் எதனோடும் சேர்க்கப்படாமல் இருக்கும். பாடி எர்த் என்று சொல்லி ஒரு கம்பியைப் பந்தல் ஆணியில் சுற்றியிருப்பார்கள். அது வண்டியின் தகரத்தைத்தான் மண்ணோடு சேர்க்கிறது. நியூட்ரலை அது தொடவே இல்லை. இப்போது மேடையில் ஃபேஸ் ஒரு இரும்புக் காலைத் தொட்டால் கரண்ட் மண்ணில் இறங்கப் பார்க்கும், ஆனால் திரும்ப வழி கிடையாது. வழி இல்லையென்றால் ஓட்டமும் இல்லை. அளவுக்கு மீறிய கரண்ட் ஓடினால் விழும் எம்சிபியும் விழாது, ஆர்சிசிபியும் விழாது, விளக்குகள் அழகாக எரிந்துகொண்டே இருக்கும்.

'அப்படியானால் நல்லதுதானே, யாருக்கும் ஷாக் அடிக்காதே' என்று ஒரு வாதம் உண்டு. அது பாதி சரி. ஒரு சின்ன ஜெனரேட்டர், ஒரு ஒயர், ஒரே ஒரு கருவி என்றால் மிதக்கும் நியூட்ரல் பாதுகாப்பானதுதான். மேடை அப்படி இல்லை. ஐம்பது அறுபது மீட்டர் ஒயர்கள், அலங்கார வளைவு முழுக்க சீரியல் செட், மணலில் கிடக்கும் இணைப்புகள். முதல் பழுது சத்தம் போடாது. எங்கோ வளைவில் சீரியல் ஒயரின் தோல் உரிந்து ஃபேஸ் இரும்பைத் தொட்ட நொடியில், அந்த ஃபேஸ்தான் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். 'ஒன்றும் செய்யாது' என்று நினைத்த நியூட்ரல் ஒயர் மண்ணுக்கு 230 வோல்ட்டில் நிற்கும். இரவு முழுக்க இப்படியே ஓடும். நியூட்ரலில் கை படும் ஆள்தான் இரண்டாவது பழுது. அவருடைய உடல் வழியாகப் போகும் கரண்ட்டையும் ஆர்சிசிபி பிடிக்கும் என்று நிச்சயம் சொல்ல முடியாது. வளைவும் அவர் தொட்ட ஒயரும் ஒரே ஆர்சிசிபிக்குக் கீழே இருந்தால், ஃபேசில் போனது அவர் வழியாக நியூட்ரலில் திரும்பிவிடும். கணக்கு சரியாக இருக்கும், அது விழாது.

வண்டி மிதக்கிறதா என்பதற்கு ஒரு அறிகுறி உண்டு. நியான் டெஸ்டரை சாக்கெட்டின் இரண்டு துளையிலும் வைத்துப் பாருங்கள். இரண்டிலுமே மங்கலாக எரிந்தால் நியூட்ரல் மிதக்கிறது. மல்டிமீட்டரில் ஃபேசுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டிலும் நூற்றுச் சொச்சம் காட்டும். "டெஸ்டர் ரெண்டுலயும் எரியுது, ஜெனரேட்டர்னா அப்படித்தான்" என்று இதைச் சகஜமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

பட்டன் எதைச் சோதிக்கிறது

ஆர்சிசிபியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு இரும்பு வளையம் இருக்கும். ஃபேசும் நியூட்ரலும் அதன் நடுவே போகின்றன. டெஸ்ட் பட்டனை அழுத்தும்போது, வளையத்தைத் தாண்டிய பக்கத்து ஃபேசிலிருந்து வளையத்துக்கு முன்பக்கத்து நியூட்ரலுக்கு ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் கரண்ட் போகிறது. வளையம் ஒரு பக்க ஓட்டத்தை மட்டும் பார்க்கிறது, விழுகிறது. இந்தச் சுற்றில் எர்த் ஒயருக்கு எந்த வேலையும் இல்லை. எர்த் ஒயரை அடியோடு அறுத்துப்போட்டாலும், நியூட்ரல் அந்தரத்தில் தொங்கினாலும், பட்டனைத் தட்டினால் ஆர்சிசிபி விழும். பட்டன் சொல்வது 'என் பொறி துருப்பிடிக்கவில்லை' என்பதை மட்டும். அது அவசியம்தான், கடல் காற்றில் அது துருப்பிடிக்கவும் செய்யும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் தட்டிப் பார்க்கவே வேண்டும். ஆனால் அதை எர்த்துக்கான சான்றிதழாக எடுத்துக்கொள்வதில்தான் மேடை மின்சாரத்தின் பெரிய ஏமாற்று இருக்கிறது.

எர்த்தைச் சோதிக்க விலை உயர்ந்த மீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஜீரோ வாட்ஸ் பல்பு போதும். பெயர்தான் ஜீரோ, பழைய இழை பல்பு உண்மையில் சுமார் 15 வாட்ஸ் எடுக்கும், அதாவது 65 மில்லி ஆம்பியர். எல்இடி வகை இதற்கு ஆகாது. ஹோல்டரிலிருந்து ஒரு ஒயரை சாக்கெட்டின் ஃபேசிலும் இன்னொன்றை எர்த் துளையிலும் கொடுக்க வேண்டும். கருவிகள் எதையும் மாட்டுவதற்கு முன்பு, வளைவையோ சட்டத்தையோ யாரும் தொடாத நேரத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். எர்த் எங்கேயாவது அறுந்திருந்தால் பல்பு வழியாக 230 வோல்ட் அந்த எர்த்தோடு சேர்ந்த இரும்பு அத்தனைக்கும் போய்விடும். இதைச் சொல்லாமல் பல்பு வித்தையை மட்டும் சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு.

பல்பு கண் சிமிட்டும் நேரத்தில் ஆர்சிசிபி விழுந்தால் எல்லாம் சரி. பல்பும் எரியாமல், ஆர்சிசிபியும் விழாமல் இருந்தால் எர்த் அறுந்திருக்கிறது அல்லது ஜெனரேட்டர் நியூட்ரல் மிதக்கிறது. மூன்றாவது நிலைதான் சுவாரசியமானது. பல்பு நிம்மதியாக எரிகிறது, ஆர்சிசிபி விழவில்லை. ஆர்சிசிபி செத்திருக்கலாம், யாரோ 300 மில்லி வகையை மாட்டியிருக்கலாம். ஆனால் அடிக்கடி பார்க்கக் கிடைப்பது வேறு. 'நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கணும்' என்று எங்கேயோ கேட்ட ஒருவர், அதை ஜெனரேட்டரில் செய்யாமல் மேடைப் போர்டில், ஆர்சிசிபிக்குப் பின்னால் சேர்த்திருப்பார். அப்போது எர்த்தில் போகும் கரண்ட் திரும்பவும் நியூட்ரலில் நுழைந்து வளையம் வழியாகவே வீடு போய்விடும். ஆர்சிசிபியை இதைவிட நேர்த்தியாகக் குருடாக்க முடியாது.

சேர்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: ஆல்டர்னேட்டரின் டெர்மினல் பெட்டி. 62.5 கேவிஏ வண்டி என்றால் ஃபேசுக்குச் சுமார் 87 ஆம்பியர். அதற்கு நியூட்ரல் முனையிலிருந்து எர்த் பட்டைக்கு 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, லக் அழுத்தி, போல்ட் போட்டு இறுக்க வேண்டும். அங்கிருந்து மண்ணுக்கு. மூன்று ஃபேஸ் நான்கு ஒயர் ஜெனரேட்டரின் நியூட்ரலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு வேண்டும் என்பது மின் பாதுகாப்பு ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. இந்த வேலையை உரிமம் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் செய்யட்டும். கையில் தூக்கும் சின்ன ஜெனரேட்டர்களில் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கக் கூடாது. சில மாடல்களில் சுருளின் நடுப்புள்ளி பாடியோடு சேர்ந்திருக்கும். அதில் ஒரு முனையைப் பாடியில் கொடுத்தால் பாதிச் சுருள் ஷார்ட் ஆகும். என்ஜினை நிறுத்தி, நியூட்ரலுக்கும் பாடிக்கும் தொடர்ச்சி இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இன்வெர்ட்டர் வகையில் அதன் கையேடு சொல்வதுதான் சட்டம்.

கம்பி அடிக்கும் இடம்

இந்த மாவட்டத்தில் மண் பத்துக் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாறும். நாஞ்சில் நாட்டு வயல் களிமண்ணில் கம்பி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும், எர்த்தும் நன்றாகக் கிடைக்கும். தக்கலை, திருவட்டார் பக்கத்துச் செம்மண் மேடு கோடையில் கல். முட்டம், குளச்சல், மண்டைக்காடு கடற்கரையில் மேல் மணல் உலர்ந்து கிடக்கும். ஆழம் போகப் போக ஈரமும் உப்பும். மேலோட்டமாக அரை மீட்டர் அடித்த ஆணி அங்கே வெறும் அலங்காரம்.

கணக்கைப் பாருங்கள். சுமாரான ஈர மண்ணில், ஒன்றரை மீட்டர் நீளம், 16 மில்லிமீட்டர் கனம் உள்ள ஒற்றைக் கம்பியின் தடை ஏறக்குறைய 60 ஓம். அதே கம்பி பத்து மடங்கு மோசமான உலர்ந்த மணலில் 600 ஓம். அறுபது ஓம் என்றாலே 230 வோல்ட்டில் 4 ஆம்பியர்கூட ஓடாது. 16 ஆம்பியர் எம்சிபி இதைக் கவனிக்கவே கவனிக்காது. சி வகை எம்சிபி உடனடியாக விழ 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 'எம்சிபி இருக்கு' என்பது ஷாக்குக்குப் பதில் ஆகாததற்குக் காரணம் இதுதான். ஆர்சிசிபிக்கோ 30 மில்லி போதும், 600 ஓமிலும் அது விழும். மட்டமான மண்ணையும் ஆர்சிசிபி மன்னிக்கிறது. மிதக்கும் நியூட்ரலை மட்டும் அதால் மன்னிக்க முடியாது.

கம்பியை இரட்டை நீளமாக்கினால் தடை பாதியை நெருங்கும். இரண்டு கம்பி அடிப்பதென்றால் இடையில் குறைந்தது ஒரு கம்பி நீளம் இடைவெளி வேண்டும், இரட்டிப்பு இடைவெளி இன்னும் நல்லது. அரை அடி தள்ளி இரண்டு அடித்தால் இரண்டும் ஒரே மண்ணைப் பங்குபோடும், பலன் கொஞ்சம்தான். உப்புத் தண்ணீர் ஊற்றுவது ஒரு ராத்திரிக்கு உதவும். பத்து நாள் கொடை என்றால் தினமும் ஊற்ற வேண்டும்.

ஏன் பிடுங்கிப் போடுகிறார்கள்

எல்லாம் ஒழுங்காகச் சேர்த்த மேடையில் முதல் முறையாக ஆர்சிசிபி வேலை செய்யத் தொடங்கும். அப்போதுதான் சண்டையும் தொடங்கும். நாடகம் உச்சத்தில் இருக்கும்போது மேடை இருட்டாகும். விழாக் கமிட்டிக்காரர் ஓடி வருவார். "அந்தச் சனியன எடுத்துட்டு டைரக்டா குடுலே" என்பார். கொடுத்துவிடுவார்கள். இதற்கு லைட் செட்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆர்சிசிபியை விழாதபடி பிரித்துப் போட யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

முப்பது மில்லி என்று எழுதியிருந்தாலும் 15க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் அது விழலாம். ஆகவே சும்மா இருக்கும்போது கசிவு 9 மில்லியைத் தாண்டாதபடி பிரிக்க வேண்டும். முன்னால் சொன்ன கணக்கில் ஒரு ஆர்சிசிபிக்கு எட்டு பார் லைட். 24 லைட் என்றால் மூன்று ஆர்சிசிபி. எலக்ட்ரானிக் லோடுக்கு ஆர்சிசிபியில் 'ஏசி' வகையைவிட 'ஏ' வகை பொருத்தம். ஒலிக்குத் தனி, வளைவுக்குத் தனி. இவற்றுக்கெல்லாம் முன்னால், வண்டியருகில் வைப்பது 100 மில்லி, காலதாமத எஸ் வகை. அங்கேயும் 30 போட்டால் ஒரு பல்பின் பழுதுக்கு ஊரே இருட்டாகும். மேடைப் படிக்கும் கூட்டம் வெளியேறும் வழிக்கும் தனியாக ஒரு லைன்.

பல மேடைகளில் உண்மையான குற்றவாளி புகை மெஷின். குளிர்ப்பொறி மெஷினும் அதே இனம்: டைட்டானியம், சிர்கோனியத் துகளைச் சூடாக்கி மேலே வீசுவது. இரண்டுக்குள்ளும் உறையிட்ட ஹீட்டர் உண்டு. உள்ளே நிரப்பியிருக்கும் வெள்ளைப் பொடி காற்றின் ஈரத்தைக் குடிக்கும். ஒரு மாதம் குடோனில் கிடந்து, மழைநாளில் மேடையேறினால் போட்டவுடன் கசியும், ஆர்சிசிபியைத் தள்ளும். நிகழ்ச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பே தனி ஆர்சிசிபியில் மாட்டிப் பாருங்கள். விழுந்தால் கழற்றி வெயிலிலோ சூடான உலர்ந்த இடத்திலோ வையுங்கள், மெகரில் (இன்சுலேஷன் தடையை அளக்கும் மீட்டர்) பாருங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அன்றைக்கு அந்த மெஷினுக்கு விடுமுறை. வில்லுப்பாட்டுக்குப் புகை எதற்கு என்பது வேறு கேள்வி.

எந்த லோடையும் போடாமலே விழுகிறதா? ஆர்சிசிபிக்குப் பின்னால் நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொட்டிருக்கும். ஒன்றில் லோடு போட்டால் இரண்டு ஆர்சிசிபி விழுகிறதா? இரண்டின் நியூட்ரலையும் ஒரே நியூட்ரல் லிங்க்கில் கலந்திருப்பார்கள். ஒவ்வொரு ஆர்சிசிபிக்கும் தனி லிங்க் வேண்டும்.

நியூட்ரலைப் பற்றி இன்னொன்று. மூன்று ஃபேஸ் மேடையில் அது கழன்றால், 4 கிலோவாட் இருக்கும் ஃபேசும் 400 வாட் இருக்கும் ஃபேசும் 400 வோல்ட்டில் தொடராக நிற்கும். 400 வாட் பக்கம் 360 வோல்ட் போகும், அதில் மிக்சர் இருந்தால் அவ்வளவுதான். அதனால் நியூட்ரலை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். ஐந்து முனை இண்டஸ்ட்ரியல் பிளக் போடுங்கள், தரையில் விடாமல் கமுகு மரக்காலில் கட்டித் தொங்கவிடுங்கள். ஆரல்வாய்மொழி, தோவாளைக் காற்றில் ஒயர் ஆடி ஆடியே ஸ்குரூ தளரும். இழுவிசை கயிற்றில் விழவேண்டும், முனையில் விழக்கூடாது. அறுபது மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 16 ஆம்பியர் எடுத்தால் 15 வோல்ட் வழியிலேயே போய்விடும், 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் ஒன்பதரை வோல்ட். சுருளில் மீதி ஒயரை அப்படியே வைத்து லோடு எடுத்தால் உருகும், முழுக்க விரித்துவிடுங்கள்.

இவ்வளவு சொன்ன ஆர்சிசிபி ஒரு இடத்தில் எதற்கும் உதவாது. 2025 மார்ச் 1 அன்று இனயம் புத்தன்துறையில் தேவாலயத் திருவிழா வேலையின்போது இரும்பு ஏணி மேலே போன மின்கம்பியில் பட்டு நான்கு பேர் இறந்தார்கள். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு பதினொரு பேர். மேலே போகிற கம்பி உங்கள் போர்டு வழியாக வருவதில்லை. லைன் போகும் இடத்தில் ஈபியில் எழுதிக்கொடுத்து லைனை நிறுத்தியபின்தான் வேலை. மூங்கில் ஏணியையும் நம்ப முடியாது, நனைந்தால் சொல்லவே வேண்டாம்.

கழற்றும் நேரம் பெரும்பாலும் விடியற்காலை மூன்று மணி. எல்லோருக்கும் தூக்கம், வண்டிக்காரருக்கு அவசரம். முதலில் கையில் கிடைப்பது எர்த் கம்பி என்பதால் அதைத்தான் முதலில் பிடுங்குவார்கள், வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், ஆட்கள் வளைவில் ஏறி சீரியலை உருவிக்கொண்டிருப்பார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். லோடு, பிறகு போர்டு, பிறகு என்ஜின் நிறுத்தம், பிறகு கேபிள். எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு கடைசியாக எர்த் கம்பி. ஈர மணலில் இறங்கிய கம்பி நேராக இழுத்தால் வராது. பைப் ரெஞ்ச் போட்டு இரண்டு சுற்று முறுக்கிவிட்டு இழுங்கள், வந்துவிடும்.